ஏழாம் நம்பர் என்றொரு நண்பன்

“அத்தா ஆஸ்பத்திரில கீறாரு. போய்ப் பாக்கவா வேணாமா?” என்று ஒருவன் என்னைக் கேட்டபோது நாங்கள் இருவருமே செத்துக் கிடந்தோம். பதற வேண்டாம், கம்ப்யூட்டரில்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கல்லூரி ஒன்றில் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டில் சொன்னது. மதிய லேபுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக்குப் போய்விடுவேன். கீழே ஜூஸ் கடை, நடுவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், அதற்கு மேலே கேம் சென்டர். பத்து கம்ப்யூட்டர்கள், நடுவே ப்ளைவுட் தடுப்புகள், விளக்கை அணைத்த அறை, எப்போதும் சளி பிடித்தது போல இரையும் ஒரு ஏசி. இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட வேண்டும். அதுதான் ஆட்டம்.

வீடியோ கேம் பற்றி என்னிடம் யார் என்ன கேட்டாலும் சொல்வேன். எந்தத் துப்பாக்கி சுடும்போது எந்தப் பக்கம் உதறும், எந்தக் கிராபிக்ஸ் கார்டில் தண்ணீர் தண்ணீராகவே தெரியும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகளை ஷூ டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டில் ‘படிப்புக்காக’ வாங்கிய கம்ப்யூட்டரில் அவற்றைப் போட்டால் கல்யாண ஆல்பம் புரட்டுவது போல ஒவ்வொரு படமாக நகரும். அதையும் கண் கொட்டாமல் பார்ப்பேன். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சென்டரில் ஆட்டம் தொடங்கியதும் முதலில் சாகிறவன் நான்தான். எங்கிருந்து குண்டு வந்தது என்றுகூடத் தெரியாது. சுவரைப் பார்த்தபடி செத்திருக்கிறேன். ஏணியில் ஏறும்போது செத்திருக்கிறேன். சொந்த அணிக்காரன் வீசிய வெடிகுண்டின் மேல் போய் நின்றிருக்கிறேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. செத்தவன் ரவுண்டு முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். திரையின் கீழே ஏதாவது டைப் அடிக்கலாம், ஆனால் அது செத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். உயிரோடு இருப்பவன் கண்ணில் படாது. நல்ல ஆட்டக்காரர்கள் கடைசிவரை உயிரோடு இருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். என் மாதிரி தத்திகளுக்குத்தான் அரட்டை அடிக்க நேரம் கிடைத்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, அவனவன் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினோம். வீடியோ கேம் மனுஷனைத் தனியாளாக்கிவிடுகிறது என்று இப்போது கட்டுரை எழுதுகிறார்கள். அட போங்கப்பா. என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பேசியது அங்கே செத்துக் கிடந்தபோதுதான்.

என்னைப் போலவே அவசரமாகச் சாகிற இன்னொருவன் ஏழாம் நம்பர். பெயர் தெரியாது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. முன்பு ஆளாளுக்கு இஷ்டப்படி ஆட்டத்துக்குள் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்களாம். கெட்ட வார்த்தைகள் எல்லாம் திரையில் ஓடியிருக்கின்றன. ஒரு பையனைத் தேடி வந்த அவன் அப்பா அதைப் படித்துவிட்டு சாமியாடிவிட்டார். அன்றே சென்டர் அண்ணன் எல்லாப் பெயரையும் அழித்துவிட்டு, மானிட்டர் நெற்றியில் ஒயிட்னரால் என்ன நம்பர் எழுதியிருந்ததோ அதையே பெயராக வைத்துவிட்டார். மாற்றினால் வெளியே போ. எனக்கு எப்போதும் மூன்றாம் நம்பரைத்தான் கொடுப்பார். ஆகவே நான் மூணு, அவன் ஏழு.

எழுந்து போய் ஆளைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது சார். தடுப்புக்கு மேலே தலை தெரிந்தால் அடுத்தவன் திரையைப் பார்த்துக் கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று அர்த்தம். “தலைய எறக்குடா!” என்று பத்து பேரும் கத்துவார்கள். எனக்கு நேரமாகி எழும்போது அடுத்த ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கும். தலையைக் குனிந்தபடியே, திருடன் மாதிரி படி இறங்குவேன்.

ஏழு நல்லவன்தான், ஆனால் அவனைப் புரிந்துகொள்வதற்குள் என் மண்டை காய்ந்துவிட்டது. ஒரு வாரம் தனக்கு இரண்டு அக்கா என்பான். அடுத்த வாரம் “நான் ஒரே புள்ள மச்சான், அதான் வீட்ல இவ்ளோ டார்ச்சர்” என்பான். ஒரு நாள் மீன் வாடையே ஆகாது. இன்னொரு நாள் அம்மா வைக்கிற வஞ்சிர மீன் குழம்பை நினைத்து ஏங்குவான். ஒருமுறை பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொன்னவன், பிறகு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஷிப்டு பார்ப்பதாகச் சொன்னான். சரியான டுபாக்கூர், நம் காதில் பூ சுற்றுகிறான் என்று முடிவு கட்டினேன். இருந்தாலும் பேச்சு இனித்தது. பொய்யனாக இருந்தால் என்ன, சாகிற நேரத்தில் துணை வேண்டாமா?

அப்படி இருக்கும்போதுதான் அந்த வாரம் அவன் அப்பா கதையை ஆரம்பித்தான். அனகாபுத்தூரில் அவர்களுக்குக் கைலிக் கடை. படித்து முடித்ததும் கடையில் உட்காரச் சொல்லியிருக்கிறார் அத்தா. இவன் மாட்டேன் என்று ஃபேக்டரி வேலைக்குப் போக, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். இவனும் மிதிக்கவில்லை. ஊரப்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அத்தாவுக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். அம்மா போனில் அழுகிறாள். அத்தா மட்டும் கூப்பிடவில்லை.

“கூப்டாம எப்டி போறது? மூஞ்சத் திருப்பிக்கினா இன்னா பண்ணுவேன்?”

நான் அதிகம் யோசிக்கவில்லை. “போ” என்று அடித்தேன். “போய் நில்லு. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்.”

அவன் பதில் சொல்வதற்குள் ரவுண்டு முடிந்து இருவரும் உயிர்த்துவிட்டோம். உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் பேச முடியாது.

மறுநாளிலிருந்து எனக்குக் கல்லூரியில் இன்டர்னல் பரீட்சை. கேள்வித்தாளைப் பார்க்கும்போதும் அவன் ஞாபகம்தான். போனானா? அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? ஆபரேஷனில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் இவன் ஆயுசுக்கும் குமைவானே? முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படித் தவிப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

பரீட்சை முடிந்த மதியம் ஓடினேன். ஏழு இருந்தான். நான் வழக்கம்போல முதலில் செத்தேன், அவன் வந்து சேரக் காத்திருந்தேன். வந்தான்.

“அத்தாவப் பாத்தியா?” என்று அடித்தேன்.

“எந்த அத்தா?”

“உங்க அத்தாடா! ஆபரேஷன்!”

“எங்கப்பா கல்லு மாதிரி இருக்கார். இப்பதான் போன்ல திட்டினார். உனக்கு என்ன ஆச்சு மச்சான்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் விட்டதெல்லாம் பீலா, அது போகட்டும். பெற்ற அப்பாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துமா ஒருவன் பொய் சொல்வான்? ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு எழுந்தேன். “தலைய எறக்குடா!” என்று கத்தினார்கள். “எவனாவது வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்!” என்று நானும் கத்திவிட்டு நேராக ஏழாம் நம்பருக்குப் போனேன்.

அங்கே கண்ணாடி போட்ட, கொஞ்சம் குண்டான ஒருவர் ஒரு கையில் முட்டை பப்ஸோடு உட்கார்ந்திருந்தார். மடியில் பேங்க் பரீட்சை கைடு. என்னைவிட நாலைந்து வயது பெரியவர்.

“வெக்கமா இல்ல? அப்பா ஆபரேஷன்னு சொல்லி அழுதது நீதானே?”

“நானா? யார் நீங்க?”

“நான் மூணு!”

“நீயா மூணு? குரோம்பேட்டைல டியூஷன் எடுக்கறேன்னு சொன்னியே?”

நான் எங்கே டியூஷன் எடுத்தேன்? எனக்கே டியூஷன் வைக்கச் சொல்லி வீட்டில் சண்டை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சத்தம் கேட்டு சென்டர் அண்ணன் விளக்கைப் போட்டார். பகல் வெளிச்சத்தை விட அந்த ட்யூப்லைட் கண்ணைக் கூசச் செய்தது.

“இன்னாபா பேஜாரு?”

இருவரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “தம்பி, ஏழுன்றது ஆளு இல்ல. மிஷினு. யாரு குந்தினாலும் ஏழுதான். ஏழுல மூணு பேரு வராங்க. மூணுலயும் அப்டிதான். நீ காலேஜ் கட் அடிச்சுட்டு வர்ற மூணு. சாயங்காலம் டியூஷன் வாத்தியார் ஒருத்தர் வருவாரு, அவரும் மூணு. நீ பரீட்சைன்னு வராத வாரம் உன் சீட்ல வேற ஒருத்தனப் போட்டேன். அவனும் மூணுதான்.”

இவ்வளவு சின்ன விஷயம் எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. நாங்கள் எல்லாம் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு, தினமும் ஒரே பெட்டியில் ஒரே ஜன்னலோரத்தில் நிற்கிற ஊர்க்காரர்கள். தனக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டால் அது தான் இல்லாதபோது காலியாகக் காத்திருக்கும் என்றுதான் நினைப்போம். மூன்றாம் நம்பர் நான் போனதும் அணைந்து கிடக்கும் என்றே நம்பியிருந்தேன்.

அதற்குள் அறையில் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். இரண்டாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் தீராத பகை. அன்றைய ரெண்டு எழுந்து, “அப்போ என் தங்கச்சிய வம்புக்கு இழுத்தது எந்த ஒம்போது?” என்றான். அன்றைய ஒன்பது, “எனக்கு உங்க வீட்ல யாரையும் தெரியாதுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஒருவன் ஐந்தாம் நம்பரோடு பகிர்ந்துகொண்ட காதல் ரகசியத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாமல் முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டான். யார் யாருக்கு நண்பன், யார் யாருக்கு எதிரி, ஒன்றும் விளங்காமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒரே கவலைதான். “அண்ணா, அப்பா ஆஸ்பத்திரில இருக்கற ஏழு யாரு?”

“அதுவா? நீலச் சட்டை. பாவம், மூஞ்சியே செரியில்ல. போன வாரம் ரெண்டாவது ஷிப்டு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி மத்தியானம் வந்துகினு இருந்தான். இந்த வாரம் மொத ஷிப்டு. முடிச்சுட்டு சாயங்காலம் வருவான்.”

கீழே ஜூஸ் கடையில் காத்திருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் கம்பெனி நீலச்சட்டையோடு ஒல்லியாக ஒருவன் வந்தான். படியில் கால் வைக்கும்போது கூப்பிட்டேன். “நீங்க ஏழா?”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“நான் மூணு.”

“மச்சான்!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையில் கிரீஸ் வாசனை. எனக்குக் கூச்சமாக இருந்தது. இவன் கட்டிப்பிடிப்பது என்னையா, டியூஷன் வாத்தியாரையா?

“அத்தாவப் போய்ப் பாத்தியா?”

“இல்ல. நாளைக்குக் காலைலதான் ஆபரேஷன். நீதானே போவாதன்னு சொன்ன?”

“நானா? நான் போன்னுதானே சொன்னேன்!”

“ஆமா, மொதல்ல போன்னு சொன்ன. மறுநாளு, ரோஷம் இல்லையாடா உனக்கு, அவரே கூப்புடட்டும்ன. நேத்து சாயங்காலம் கேட்டா, பெத்தவங்ககிட்ட இன்னா ரோஷம், கெளம்புன்ற.” என் தோளில் கை வைத்தான். “எல்லாரும் ஒரே பக்கமாத்தான் பேசறாங்க மச்சான். ரெண்டு பக்கமும் யோசிக்கிற ஒரே ஆளு நீதான். அதான் திரும்பத் திரும்ப உன்னயே கேட்டுகினு இருந்தேன்.”

அவன் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறான் என்று நான் அவனைப் பொய்யன் என்றேன். நான் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறேன் என்று அவன் என்னை ஞானி ஆக்கிவிட்டிருக்கிறான். மிஷின், சீட்டு, மூன்று மூணு, எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். அவன் பாதியிலேயே கையை உதறினான்.

“அதெல்லாம் வுடு. இப்போ நீ இன்னா சொல்ற? போவவா, வேணாமா?”

மூணுகளில் எந்த மூணு நான் என்று எனக்கே தெரியாத நேரம் அது. “போ” என்றேன்.

“அப்போ நீயும் வா. தனியாப் போனா படியேற மாட்டேன்.”

ஜி.எஸ்.டி. ரோட்டில் கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பல்லாவரம் போனோம். வழியெல்லாம் அவன் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நேரில் பார்த்தால் பேச எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இவனுக்கு இரண்டு அக்காவா, ஒரே பிள்ளையா, மீன் பிடிக்குமா, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. யாரோ ஒருவனோடு யாருடைய அப்பாவையோ பார்க்க எதற்குப் போகிறேன் என்று குரோம்பேட்டை தாண்டும்போது நினைத்துக்கொண்டேன். இறங்கிப் போய்விடவும் மனசு வரவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. அறை வாசலில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டிலில் நரைத்த தாடியோடு பெரியவர் சாய்ந்திருந்தார். மகனைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்து என் மேல் வைத்தார். இவன் சுவரோடு போய் ஒட்டி நின்றுகொண்டான். கட்டிலோரம் ஒரு ஸ்டூல்தான் இருந்தது. “குந்து தம்பி” என்று அதை என்னிடம் காட்டினார்.

“நீ இவன்கூட வேல பாக்கறியா?”

“இல்லீங்க. கூட வெளையாடறவன்.”

“இன்னா வெளாட்டு? கிரிக்கெட்டா?”

“ஆமாங்க.” வேறு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

பிறகு பெரியவர் என்னிடம், “சாப்ட்டானான்னு கேளு தம்பி” என்றார்.

மகன் நாலடி தூரத்தில்தான் நிற்கிறான். ஆனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான். எங்கள் வீட்டிலும் அப்பாவும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் நான்தான் நடுவே ஒயர். “காபி வேணுமான்னு கேளு”, “வேணாம்னு சொல்லு”. அடுத்தவருக்குக் காது கேட்காது என்று எல்லோரும் நம்புகிற அந்த ஏற்பாடு இல்லாமல் நம் குடும்பங்களில் பாதி உடைந்திருக்கும்.

திரும்பி, “சாப்ட்டியா?” என்றேன்.

“கேண்டீன்ல சாப்ட்டேன்னு சொல்லு.”

“கேண்டீன்ல சாப்ட்டாராம்.”

“எளச்சுப் போயிட்டான்னு சொல்லு.”

“எளச்சுப் போயிட்டியாம்.”

“நான் எளைக்கல. அவருதான் பாதியாயிட்டாருன்னு சொல்லு.” குரல் உடைந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னேன். பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடி மட்டும் அசைந்தது. அவன் அம்மா சத்தமில்லாமல் அழுதார். இந்தக் குடும்பத்துக்கு நான் யார்? எனக்கு எதற்கு அழுகை வருகிறது?

ஜன்னலைப் பார்த்தபடியே அவர் கேட்டார். “நாளைக்கு நான் பொழச்சு எழுந்துட்டா, வூட்டுக்கு வருவானான்னு கேளு.”

நான் திரும்பினேன். கேள்வி அவனுக்குக் கேட்டுவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, துடைக்கவும் இல்லை. பெரியவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அவனும் என்னையே பார்த்தான். அந்த அறையில் எல்லோருடைய பதிலும் என் வாயில் இருப்பது போல மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவனைக் கேட்பதா, நானே சொல்வதா? வருவார் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? தெரியவில்லை என்று சொன்னால் இந்த மனிதர் அந்த நினைப்போடா நாளை ஆபரேஷனுக்குப் போவார்?

“வரேன் அத்தா” என்றேன்.

வருவார் என்றுகூட இல்லை. வரேன். அத்தா. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, சுவரோரம் நின்ற மகனை நேராகப் பார்த்தார்.

“இது உன் பதிலா, இந்தத் தம்பி பதிலா?”

“என்னுதுதான் அத்தா” என்றான் அவன்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்துகொண்டேன்.